குங்-சே நோட்டும் காசெட் பெட்டியும்: கான்டனீஸ் இசைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

சான் பிரான்சிஸ்கோ, வான்கூவர் போன்ற ஊர்களின் சைனாடவுனுக்கு வாரக் கடைசியில் போனால், ஏதாவது ஒரு மாடியிலிருந்து கோங் சத்தம் இன்றும் கேட்கும். தென்சீனாவின் குவாங்டாங், ஹாங்காங் பக்கத்து மொழியான கான்டனீஸில் பாடி நடிக்கும் நாடகக் குழு ஒன்று 1852 அக்டோபரிலேயே சான் பிரான்சிஸ்கோவில் மேடையேறியது. அதே ஊரில் 1924-ல் மாண்டரின் தியேட்டர் திறந்தது. வான்கூவரில் ஜின் வா சிங் இசைச் சங்கம் 1934-ல் தொடங்கியது. பகலில் லாண்டரியிலும் சமையல்கட்டிலும் நின்றவர்கள் இரவில் வாத்தியத்தை எடுத்தார்கள். இப்படிச் சொந்தச் செலவில், சொந்தச் சுகத்துக்காகக் கூடும் கச்சேரிக்கு ‘சி-ஃபோ-குக்’ என்று பெயர்.

அந்தக் கூட்டத்தில் பல காலம் உட்கார்ந்த அப்பாவோ அம்மாவோ போன பிறகு, வீட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாம்புத்தோல் போர்த்திய ஒன்றிரண்டு வாத்தியம், பிஸ்கட் டப்பாவில் காசெட்டுகள், ரப்பர் பேண்ட் போட்ட பாட்டுத் தாள்கள், யார் யார் என்று தெரியாத குரூப் போட்டோ. பிள்ளைகள் முதலில் கை வைப்பது வாத்தியத்தில். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. ஆனால் வேலையை அந்த வரிசையில் தொடங்கக் கூடாது. வாத்தியம் பத்து வருஷம் காத்திருக்கும், தாளும் காத்திருக்கும். காசெட் அவ்வளவு காத்திருக்காது. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த எண்பத்தைந்து வயதுக்காரர் காத்திருக்கவே மாட்டார். ஆகவே ஆள், நாடா, தாள், வாத்தியம் என்ற வரிசையில் போங்கள்.

கூட வாசித்தவர்கள்

கர்நாடக இசைப் புத்தகத்தில் கிருதியின் ஸ்வரம் இருக்கும், கமகம் இருக்காது. இங்கேயும் அதே கதைதான். தாளில் இருப்பது மெட்டின் எலும்பு மட்டும். எல்லா வாத்தியமும் அதே மெட்டைத்தான் வாசிக்கும், ஆனால் ஒவ்வொன்றும் தன் வழக்கப்படி இழைத்து வாசிக்கும். அந்த இழைப்புக்கு ‘கா-ஃபா’, அதாவது பூச்சேர்ப்பது, என்று பெயர். அப்பாவின் பூ எது என்பது அவர் கையிலும், கூட வாசித்தவர்களின் காதிலும்தான் இருந்தது.

குரூப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் தேட வேண்டியவர்கள் இருவர். ஒருவர் ‘தவ்-கா’, அதாவது மெட்டை முன்னின்று நடத்திய காவ்ஹூ (இரண்டு தந்தி வில்வாத்தியம்) அல்லது வயலின்காரர். மற்றவர் ‘ஜொங்-பான்’, மரத்துண்டும் சிறு முரசும் அடித்துக் குழுவைக் கையில் வைத்திருந்தவர். பாட்டு எங்கே நிற்கும், எங்கே விரையும் என்பது இவருக்குத்தான் தெரியும். அடுத்து, அப்பாவோடு சேர்ந்து பாடியவர்கள்.

“அப்பாவின் இசையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் “நல்ல மனுஷன், நன்றாக வாசிப்பார்” என்ற பதில்தான் வரும். அவருடைய பாட்டுத் தாள் ஒன்றை முன்னால் வைத்து, ஒரு வரியைக் காட்டிக் கேளுங்கள். ஒரே வரியை மூன்று முறை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்: முதலில் பூ எதுவும் இல்லாமல் மெதுவாக, பிறகு அவர் தன் வழக்கப்படி, கடைசியில் “அப்பா இதை எப்படி வாசிப்பார்?”. மூன்றாவது முறை சிரித்துக்கொண்டே வாசித்துக் காட்டுவார்கள். நீங்கள் தேடி வந்தது அதைத்தான்.

ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இடம் தேநீர்க்கடையாக இருக்கக் கூடாது, டிம்சம் தட்டுச் சத்தத்தில் எதுவும் மிஞ்சாது. இரண்டு கருவிகளில் பதியுங்கள், ஒன்று போன், இன்னொன்று தனி ரெக்கார்டர். பழைய தலைமுறையில் பலர் பேசுவது டொய்சான் வட்டார வழக்கு. ஹாங்காங் கான்டனீஸ் மட்டும் தெரிந்த பிள்ளைக்குப் பாதிதான் புரியும். நடுவில் நிறுத்தி விளக்கம் கேட்காதீர்கள். பேச விட்டுவிட்டு, அன்று இரவே அந்த வழக்குத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து கேட்டுக் குறிப்பெடுங்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் எந்தப் பெயர் யாருடையது என்பது மறந்திருக்கும்.

காசெட்டுகள்

பெட்டியில் உள்ள எல்லாமே அப்பாவின் பதிவு அல்ல. கடையில் வாங்கிய ஹாங்காங் பதிவுகள், பாடிப் பழக வாங்கிய பின்னணி இசை எல்லாம் கலந்திருக்கும். அட்டையில் எழுதியதை நம்பாதீர்கள், ஒரே நாடாவில் திரும்பத் திரும்பப் பதிந்திருப்பார்கள். நடுவில் பேச்சும், தப்பும், நாற்காலி இழுபடும் சத்தமும் இருந்தால் அது வீட்டுப் பதிவு. அதை முதலில் எடுங்கள். புதிய பதிவு முடிந்த பிறகும் ஓட விடுங்கள், அழியாத பழைய பதிவின் வால் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

தொடுவதற்கு முன் காசெட்டின் ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ திட்டோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டக் கூடாது; பிளேயரில் ஒட்டி அடுத்த காசெட்டுக்கும் பரவும். தனிப் பையில் மூடி, நாடா மீட்கும் தொழில்முறை ஆட்களிடம் கொடுங்கள். சுத்தமாக இருப்பவற்றுக்கு:

1. மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அழியாது.

2. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு டெக்கின் ஹெட்டைத் துடையுங்கள். நாலைந்து காசெட்டுக்கு ஒரு முறை மறுபடியும் துடைக்க வேண்டும். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், ஈரத்துணி போதும்.

3. நாடாவை ஒரு முறை முழுக்க முன்னே ஓட்டி, முழுக்கப் பின்னே சுற்றுங்கள். பல வருஷம் அசையாமல் கிடந்த சுருள் தளர்ந்து சீராகும்.

4. ஒலி மந்தமாக, விட்டு விட்டு வந்தால் உள்ளே நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத்துண்டு உதிர்ந்திருக்கும். ஐந்து திருகு போட்ட காசெட் என்றால் கழற்றி, நாடாவை வேறு நல்ல கூட்டுக்குள் மாற்றலாம். ஒட்டி மூடிய கூடு என்றால் விளிம்பைக் கத்தியால் கவனமாகப் பிளக்க வேண்டும். பழகாதவர்கள் முதலில் ஒரு வெற்றுக் காசெட்டில் செய்து பாருங்கள்.

5. ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகு அதன் சாய்வை மாற்றும். மோனோவில் கேட்டபடி, தாளத்தின் கூர்மை உச்சத்துக்கு வரும்வரை துளித் துளியாகத் திருப்புங்கள். குரலை வைத்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தாளம் உடனே காட்டிக்கொடுக்கும்.

6. லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள். 90 நிமிடக் காசெட் ஒன்றுக்குச் சுமார் 3 ஜிபி ஆகும். இரைச்சல் குறைக்கும் டால்பி பட்டன் அணைந்திருக்கட்டும், டால்பியில் பதிந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

அளவு வைக்கும்போது எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. பாட்டு ஓடும் இடத்தில் முள்ளைப் பார்த்து அளவு வைப்பார்கள். கோங் விழுந்ததும் ஒலி உடைந்துபோகும். கான்டனீஸ் நாடகத்துக்குச் செல்லப்பெயரே தாளச் சொல்லிலிருந்து வந்த ‘சா-துக்-சாங்’. அந்த ‘சாங்’ விழும் இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதபடி வையுங்கள்.

வீட்டு ரெக்கார்டர்கள் சரியான வேகத்தில் ஓடியதில்லை. வேகம் 3 சதவீதம் கூடினால் சுருதி கால் ஸ்வரம் ஏறிவிடும். இதைச் சரிபார்க்க அப்பாவின் தந்திச் சுருதியைத் தேட வேண்டாம், அவர்கள் அன்றைக்கு எந்தச் சுருதியில் சேர்த்தார்கள் என்பது யாருக்குத் தெரியும்? பதிவில் கலந்திருக்கும் மின்சார ரீங்காரத்தைப் பாருங்கள். வட அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ். ஒலி மென்பொருள் காட்டும் அலைவரிசைப் படத்தில் 61.8-ல் ஒரு கோடு தெரிந்தால் நாடா 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. உங்கள் டெக் இப்போது சேர்க்கும் ரீங்காரம் சரியாக 60-ல் நிற்கும், அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கோடு 50-ஐ ஒட்டி இருந்தால் அது அமெரிக்கப் பதிவே அல்ல. ஹாங்காங்கிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பதிந்து யாரோ கொண்டுவந்தது.

மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடவே விடாதீர்கள். சுண்டும் வாத்தியத்தின் மெல்லிய ஓசையை அது இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும். வேண்டுமானால் ஒரு நகலில் செய்து பாருங்கள். பாட்டுகளுக்கு நடுவே உள்ள பேச்சையும் வெட்டாதீர்கள். “அடுத்தது எது? யார் எர்ஹூ?” (காவ்ஹூபோலவே இன்னொரு வில்வாத்தியம்) என்ற அரட்டையில்தான் பாட்டின் பெயரும் ஆளின் பெயரும் இருக்கும்.

பாட்டுத் தாள்கள்

முதலில் பேக்ஸ் தாள்களைப் பிரித்தெடுங்கள். பளபளப்பாக, சுருண்டு கிடக்கும். அந்த வெப்பத்தாள் எழுத்து தானாகவே மங்கி மறையும், அதனால் அதை இன்றைக்கே ஸ்கேன் செய்யுங்கள். மற்றவை பொறுக்கும். கறுப்பு வெள்ளையில் வேண்டாம், கலரில் 400 டிபிஐ. சிவப்புப் பேனாக் குறிகள்தான் அப்பாவின் சொந்தக் குறிப்பு. துருப்பிடித்த கிளிப்பைக் கழற்றலாம், செல்லோடேப்பை உரிக்கக் கூடாது.

இனி, படிப்பது. பழைய தாள்களில் இருப்பது குங்-சே குறிமுறை. ‘குங்’, ‘சே’ என்ற இரண்டு ஸ்வரங்களின் பெயரையே முறைக்கும் வைத்துவிட்டார்கள், நாம் சரிகம என்று சொல்வதுபோல. கீழிருந்து மேலே: ஹோ, சி, யி, சாங், சே, குங், ஃபான், லியூ, வூ. சாங் என்பதை நம் ‘ச’ என்று வைத்துக்கொண்டால், சே ‘ரி’, குங் ‘க’, ஃபான் ‘ம’, லியூ ‘ப’, வூ ‘த’. ஹோ, சி, யி மூன்றும் மந்தர ப, த, நி. இவை சீன எழுத்துகள்தான் என்றாலும், சில இங்கே படிக்கப்படும் விதமே வேறு. சீனம் படித்த பிள்ளையும் அகராதி உச்சரிப்பில் தடுக்கி விழுவது இதனால்தான்.

யி, ஃபான் இரண்டிலும் கவனம் வேண்டும். இவற்றின் சுருதி பியானோக் கட்டையில் கிடையாது. யி காகலி நிஷாதத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்தும், ஃபான் சுத்த மத்யமத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்தும் நிற்கும். இந்த இரண்டையும் முன்னிறுத்தும் ‘யி-ஃபான்’ பாணிதான் சோகப் பாட்டுகளின் உயிர். பழைய பதிவைக் கேட்டு “அப்பா இங்கே சுருதி விட்டுவிட்டார்” என்று ட்யூனரைக் காட்டித் திருத்தினால், பாட்டின் அழுகையைத் துடைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஸ்வரமே இல்லாமல் வெறும் வரிகளும், ஓரத்தில் இரண்டு மூன்று எழுத்தில் ஒரு தலைப்பும் மட்டும் உள்ள தாள்கள் கிடைக்கும். இவை அரைகுறைத் தாள்கள் அல்ல, கவிதைத் தாள்களும் அல்ல, ஒதுக்கிவிடாதீர்கள். அந்தத் தலைப்பு ‘யி-வொங் மான்-பான்’ போன்ற பாட்டு வகையின் பெயர். வகை தெரிந்தால் தாளக் கட்டும், வரி எந்த ஸ்வரத்தில் முடிய வேண்டும் என்பதும் தெரியும். நடுவில் உள்ள மெட்டைப் பாடகர் சொற்களின் ஒலியிலிருந்தே கட்டிக்கொள்வார். கான்டனீஸில் சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள், அதாவது தொனிகள், ஆறு. மேல்தொனிச் சொல்லுக்கு மேல் ஸ்வரம், தாழ்தொனிச் சொல்லுக்குத் தாழ்ந்த ஸ்வரம். ஒரே வகையில் வேறு வரி வந்தால் மெட்டும் மாறிவிடும்.

மொழி கைவிட்டுப்போன பிள்ளைக்கு உண்மையான முட்டுக்கட்டை இங்கேதான். அதற்குச் செய்ய வேண்டியது: சங்கத்துப் பெரியவர் ஒருவரை ஒவ்வொரு வரியாகப் பாடாமல் வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். பிறகு ஒவ்வோர் எழுத்துக்கும் அடியில் அதன் தொனி எண்ணை 1 முதல் 6 வரை எழுதுங்கள். அந்த எண் வரிசையைக் காசெட்டில் கேட்கும் மெட்டோடு பொருத்திப் பார்த்தால், மெட்டு எங்கே சொல்லைப் பின்பற்றுகிறது, எங்கே அப்பா தன் இஷ்டத்துக்கு வளைத்தார் என்பது தெரிந்துவிடும். வாசிப்பும் பதிவும் பொருந்தவே இல்லை என்றால், அது மேடை மாண்டரினில், அதாவது வடக்குச் சீன மொழியின் நாடக வடிவில், பாடும் மிகப் பழைய பாணியாக இருக்கலாம். நாடகம் நாட்டுக் கான்டனீஸுக்கு மாறியது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான்.

வாத்தியங்கள்

எது சீன வாத்தியம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பழைய வயலின், சாக்ஸஃபோன், பாஞ்சோ இவையெல்லாம் இந்த இசையில் 1920, 30-களிலேயே புகுந்தவை. வயலினுக்குக் கான்டனீஸில் ‘ஃபான்-லிங்’ என்று சொந்தப் பெயரே இருக்கிறது. அப்பாவின் வயலினை மேற்கத்திய இசை ஆசை என்று நினைத்து விற்றவர்கள், தவ்-காவின் இருக்கையை விற்றிருக்கக்கூடும்.

காவ்ஹூவும் எர்ஹூவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். காவ்ஹூவின் பெட்டி சிறியது, வழக்கமான சுருதி எர்ஹூவைவிட நான்கு ஸ்வரம் மேலே. எர்ஹூவின் தந்திகள் 294, 440 ஹெர்ட்ஸ் என்றால் காவ்ஹூவுக்கு 392, 587. 1920-களில் லூ வென்செங் என்ற கலைஞர் பட்டுத் தந்திக்குப் பதில் எஃகுத் தந்தி கட்டி இதை உருவாக்கினார். எர்ஹூ இடது தொடையில் உட்காரும். காவ்ஹூவை இரண்டு முழங்காலுக்கு நடுவில் பிடித்து, அந்த அழுத்தத்தால் ஓசையைக் கட்டுப்படுத்துவார்கள். தேங்காய்ச் சிரட்டையில் செய்த யேஹூவும் கிடைக்கலாம். நம் ஊர்த் திருவிழாவில் விற்கும் கொட்டாங்குச்சி வயலினுக்கு அது தூரத்து உறவுபோல இருக்கும். ஆனால் அதன் முகம் தோல் அல்ல, மெல்லிய மரப்பலகை. தந்தியைத் தாங்கும் பாலம் (குதிரை) பல சமயம் சிப்பித் துண்டு, ‘ஏதோ குப்பை’ என்று பெட்டியிலிருந்து தட்டிவிடாதீர்கள்.

தந்தியை மாற்றுவதற்கு முன் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். தந்திகளைக் கழுத்தோடு கட்டியிருக்கும் நூல் வளையம், சியன்ஜின், எந்த உயரத்தில் இருக்கிறது? பாலம் தோலில் எங்கே நிற்கிறது? பாலத்துக்கு அடியில் வைத்த துணியோ பஞ்சோ எவ்வளவு தடிமன்? வளையத்தை அப்பா தன் கை நீளத்துக்குக் கட்டியிருப்பார், பஞ்சைத் தன் காதுக்கு வைத்திருப்பார். கடையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் ‘சரி செய்து’ தருவார்கள், அந்த அளவுகள் போய்விடும்.

எடுத்து வைக்கும்போது தந்தியைச் சற்றே தளர்த்தி, பாலத்தைத் தோலின் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்த்துங்கள். நடுவிலேயே அழுத்திக்கொண்டிருந்தால் தோல் குழிந்துவிடும். வெயில் படும் ஜன்னலும் ஹீட்டர் பக்கமும் ஆகாது. கனடாக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் தோல் காய்ந்து வெடிக்கும். அறை ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும். தோலின் மேல் படிந்த ரோசின் பொடியை உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். தோல் மாற்றியே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் அந்தப் பழைய ஓசையைப் பதிந்து வையுங்கள்.

எல்லை தாண்டிக் கொண்டுபோவதாக இருந்தால் முன்னதாகவே விசாரியுங்கள். அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியலில் மலைப்பாம்பு இருக்கிறது. 2017-ல் ரோஸ்வுட் மரங்களுக்கு வந்த கட்டுப்பாட்டில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது, ஆனால் பாம்புத்தோலுக்கு அந்த விலக்கு பொருந்தாது. பழைய ரசீது, சான்றிதழ் எது கிடைத்தாலும் வாத்தியப் பெட்டியிலேயே வையுங்கள்.

நீங்கள் வாசிக்க உட்காருவது

பலர் எர்ஹூ டீச்சரைத் தேடுவார்கள். இசைக்கல்லூரி வழி வந்த டீச்சர் வில்பிடியை ஒழுங்காகச் சொல்லித்தருவார், அது தேவைதான். ஆனால் அவர் கற்பிப்பது மாண்டரினில், எண் குறிமுறையில், பொதுச் சீன எர்ஹூ பாணியில். அப்பாவின் கை அதிலிருந்து வராது. ஆறு மாதம் அங்கே வில்லைப் பழகுங்கள். அதோடு கூடவே வாரம் ஒரு முறை சங்கத்தில் போய் உட்காருங்கள்.

சங்கத்தில் முதலில் வாய்தான் வேலை செய்ய வேண்டும். ஒரு சிறு மெட்டைக் குங்-சே பெயர்களில், கையால் தாளம் தட்டிக்கொண்டு, தாள் பார்க்காமல் பாடும்வரை வாத்தியத்தைத் தொடாதீர்கள். தாளத்தில் வலுவான அடி ‘பான்’, மெலிந்தது ‘திங்’. ஒரு பானுக்கு மூன்று திங் என்பது நாலு அடிச் சுழற்சி. தாள வாத்தியச் சொற்களையும் மிருதங்கச் சொற்கட்டுபோல வாயால் சொல்லிப் பழகுங்கள். எப்போது நுழைய வேண்டும் என்பதை மெட்டு சொல்லாது, அந்தச் சொற்கள்தான் சொல்லும்.

அப்பா காவ்ஹூ வாசித்தார் என்பதால் காவ்ஹூ நாற்காலியில் உட்கார ஆசை வரும். அது தவ்-காவின் இடம். அங்கே தப்பினால் குழு முழுக்கத் தடுமாறும். யேஹூவோ, சுண்டி வாசிக்கும் சின்சின்னோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் எலும்பை மட்டும் வாசித்தாலே போதும், தப்பு மறைந்துவிடும், நடுவில் உட்கார்ந்து எல்லோருடைய பூவையும் கேட்கலாம். ஜொங்-பானின் முரசையும் குச்சியையும் அவர் கேட்காமல் தொடக் கூடாது. வாடகைக்கும் தேநீருக்கும் மாதாந்தரப் பங்கு இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். பொருளாளர் யார் என்று விசாரித்து நீங்களே கொடுங்கள்.

கொடுப்பதும் பகிர்வதும்

பதிவுகளில் பாடுபவர்கள் பலர் உயிரோடு இருப்பார்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள் இருப்பார்கள். இணையத்தில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் பாட்டின் நகலைக் கொடுத்து அனுமதி கேளுங்கள். நகல் கொடுக்கப் போன இடத்தில் இன்னொரு பெட்டி காசெட் வெளியே வருவது சகஜம்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைத்தால் — வான்கூவர் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் கான்டனீஸ் நாடக உடைகளின் பெரிய தொகுப்பு இருக்கிறது — வெறும் பொருளாகக் கொண்டுபோகாதீர்கள். யாருடையது, எந்தச் சங்கம், எந்த ஆண்டுகள், எந்தப் பதிவில் இதன் ஓசை கேட்கிறது என்ற ஒரு பக்கக் குறிப்போடு போங்கள். சங்கத்துக்கே வாத்தியத்தைக் கொடுப்பதாக இருந்தால், நாடகக்காரர்களின் காவல் தெய்வம் வா-குவொங்கின் பிறந்தநாள் நல்ல நாள், சீனச் சந்திர மாதக் கணக்கில் ஒன்பதாம் மாதம் 28. அன்று சங்கத்தில் எல்லோரும் கூடியிருப்பார்கள். பெட்டிக்குள், மூடியின் உட்பக்கம், அப்பாவின் பெயரோடு அவருடைய சியன்ஜின் உயரத்தையும் மில்லிமீட்டரில் எழுதி ஒட்டிவிட்டுக் கொடுங்கள்.